நரம்பு போட்ட மெட்டு

நேற்றுக் கம்பத்துக்குப் போயிருந்தேன். திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு இணைப்பு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் பக்கத்துக் கடையில் தூண்டில் சாமான்கள் தொங்கின. முள், தக்கை, அதற்கு மேலே வரிசையாக நைலான் நரம்பு உருண்டைகள். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். புதுக் குடையைப் பிரித்தால் வரும் வாசனை. அந்த வாசனை மட்டும் இத்தனை வருடத்தில் மாறவில்லை.

கடைக்காரன் எழுந்து வந்தான். "மீனுக்கா பெரியவரே? கெண்டைக்குன்னா இது போதும். விராலுக்குன்னா கொஞ்சம் தடியா எடுங்க."

"மீனுக்கு இல்லப்பா."

"பின்ன, பட்டம் விடப் போறீகளா?"

"கிட்டாருக்கு."

அவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். என் வேட்டியில் திராட்சைக் கறை இருந்தது. "அதுக்குன்னு தனியாக் கம்பி விக்கிறாகளே. போன்ல போட்டா வீட்டுக்கே வந்துருமே" என்றான். வரும், எனக்கும் தெரியும் என்று சொல்லி உருண்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பேருந்தில் வரும்போதுதான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. நீ உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டியதை எல்லாம் உன் முகத்துக்கு நேராகவே சொன்னவன் நான். ஆகையால் மனதில் பூட்டி வைத்ததை இப்போது கொட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. சொன்னதையே மறுபடியும் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த மெட்டு என்னுடையது. அது ஊர் மெட்டு அல்ல.

உங்கள் ஊர் மாதா கோயிலில் ஒரு கிட்டார் இருந்தது. வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்த உனக்குக் குரல் உடைந்துவிட்டது. சும்மா நிற்காதே என்று அதை உன் கையில் கொடுத்தார்கள். உலகம் சுற்றிய கிட்டார் கலைஞனின் தொடக்கம் இவ்வளவுதான். நான் சுருளிப்பட்டிக்காரன். முருகனைக் கும்பிடுகிற வீடு. மிஷன் பள்ளியில் உன் பெஞ்சில் உட்கார்ந்தேன் என்பதைத் தவிர எனக்கும் உங்கள் கோயிலுக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் பள்ளி விட்டதும் அந்தக் கிட்டார் இருக்கும் இடத்துக்கு என் கால் தானாக வரும். ரேடியோவில் கேட்ட பாட்டை அதில் தேடுவோம். நீ ஒரு விரலை வைத்துப் பார்ப்பாய், கிடைக்காது. நான் ஒரு விரலை வைத்துப் பார்ப்பேன், கிடைக்காது. இரண்டு விரலையும் சேர்த்து வைத்தால் சில நாள் கிடைக்கும்.

சொல்லித்தர ஆள் இல்லை. இதை அழுத்தியே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னாளில் உன்னைப் பற்றி எழுதிய யாரோ ஒருவர், உனக்கு ஊரில் ஒரு குரு இருந்தார் என்று எழுதியதாக உன் தங்கை ஸ்டெல்லா படித்துக் காட்டினாள். குருவும் இல்லை, சீடனும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தப்புத் தப்பாக வாசித்தோம்.

மாதா திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது கிட்டாரில் கம்பி அறுந்தது. கம்பிக்கு மதுரைக்குப் போக வேண்டும். போனாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தோம். நான் தூண்டில் போட்டிருந்தேன், நீ முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தூண்டிலைச் சுருட்டி, நரம்பை வெட்டி, அறுந்த கம்பி இருந்த இடத்தில் கட்டினேன்.

"ஏலே, இது அந்து மூஞ்சில அடிக்கப் போகுதுலே" என்று நீ தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாய்.

"ரெண்டு கிலோ கெண்டைய இழுக்குது. உன் பாட்ட இழுக்காதா?"

மீட்டினேன். கம்பியின் கிணுகிணுப்பு அதில் இல்லை. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது நாம் பேசுவோமே, அப்படி ஒரு குரல். நீ கீழே இருந்த மற்ற இரண்டு கம்பியையும் கழற்றத் தொடங்கினாய். என் தூண்டிலில் மிச்சம் இருந்த நரம்பு முழுவதும் அன்று உன் கிட்டாருக்குப் போயிற்று.

தூண்டில் நரம்புக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு முறுக்கி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் இளகும். அதிலும் கீழிருந்து இரண்டாவது நரம்பு படுமோசம். ஒரு பாட்டு முடிவதற்குள் சுரம் தொய்ந்துவிடும். நீ ஒவ்வொரு தடவையும் "நரம்பு இளகிருச்சு" என்று கத்திக்கொண்டு கிட்டார் தலையில் இருக்கும் கீயைத் திருகுவாய். நான் திருகவில்லை. இளகுகிற பொருளை இளகாதே என்றால் கேட்குமா? அது இளகுவதற்கு இடம் விட்டு ஒரு மெட்டுப் போட்டேன். மெட்டு சுற்றிச் சுற்றி அந்த இரண்டாவது நரம்புக்கே வரும். முதல் தடவை சுரம் நேராக நிற்கும். அடுத்த தடவை லேசாகச் சாயும். கடைசியாக வரும்போது, நாள் முழுக்க நின்ற ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுபோல இறங்கும். அந்த இடத்தில் முடியும்.

நீ கேட்டுவிட்டு, "தப்பா இருக்குலே" என்றாய். பிறகு, "மறுபடி வாசி" என்றாய். மறுபடி, மறுபடி என்று பொழுது சாயும்வரை கேட்டாய்.

திருவிழாப் பூசையில் அதை நீ வாசித்தாய். வாசித்தது நீ, போட்டது நான். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கிட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடா இது, மீன் பிடிக்கிற நரம்பு கட்டி மாதாவுக்குப் பாட்டா?"

நீ கொஞ்சமும் பயப்படாமல், "ஏசுவோட சீடர்க எல்லாம் மீன் பிடிச்சவுகதான சாமி" என்றாய். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து நான் நரம்பு. ஒல்லி உடம்பு, புறங்கையில் நரம்பு புடைத்துத் தெரியும். பெயர் ஒட்டிக்கொள்ள அதுவும் வசதியாகப் போயிற்று. மற்றவர்கள் நாளாவட்டத்தில் விட்டுவிட்டார்கள். நீ விடவில்லை. நான் எதிலாவது விட்டுக்கொடுத்தால், அது எப்போதாவதுதான் நடக்கும், "நரம்பு இளகிருச்சுடோய்" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவுவாய். கம்பியைச் சொல்கிறாயா, என்னைச் சொல்கிறாயா என்று நான் கேட்பேன். நீ பதில் சொல்ல மாட்டாய்.

நீ சென்னைக்குப் போனாய். என்னையும் கூப்பிட்டாய். என் அப்பா தோட்டத்தை என்னிடம் விட்டிருந்தார், நான் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீ அங்கே ஓட்டல்களில் சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்தாய், சினிமாப் பாட்டுப் பதிவில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தாய். யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் ஸ்பெயினுக்குப் போனாய். அங்கே ஒரு வாத்தியார், உனக்குத் தெரிந்ததை எல்லாம் மறக்கச் சொல்லி மாதக்கணக்கில் ஒரே பயிற்சியை வாசிக்க வைத்தார் என்று எழுதினாய். மறக்கச் சொன்னால் மறந்துவிடுவதா என்று நான் பதில் எழுதினேன்.

முதல் தடவை நீ ஊருக்கு வந்தபோது உன் வலது கையில் மட்டும் நகம் நீண்டிருந்தது. உத்தமபாளையத்தில் தேநீர் குடிக்கும்போது கடைக்காரர் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன தம்பி, ஒத்தக் கையில மட்டும் நகம் வளத்திருக்கீக. வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றாய். எந்தச் சாமிக்கு என்று அவர் விடவில்லை. "நைலான் மாதாவுக்கு" என்று நான் சொன்னேன். தேநீர் உன் மூக்கில் ஏறிவிட்டது.

அதே வருகையில்தான் நான் என் கிட்டாரில் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டவிரல் தப்பா வச்சிருக்கலே" என்றாய். எனக்கு இன்றும் அந்த வார்த்தை ஆறவில்லை. மண்வெட்டி பிடிக்கிற கட்டைவிரல் அது. அதற்கு எங்கே வசதியோ அங்கே இருக்கும். நகம் வளர்த்தால் ஒரு நாள் திராட்சைப் பந்தல் வேலையில் முறிந்துவிடும். ஆகவே நான் சதையால் வாசிக்கிறேன். இது தப்பென்றால் நீயும் நானும் சேர்ந்து வாசித்த காலமெல்லாம் தப்பு. அதைச் சொன்னபோது நீ எழுந்து வெளியே போய்ப் பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஆனால் நீ சரியாக வாசிப்பதைக் கேட்டபோது எனக்கு வாய் அடைத்துப்போயிற்று, அதையும் மறைக்கவில்லை. பல நூறு வருடம் முந்திய ஆட்கள் எழுதிவைத்ததை நீ வாசிக்கையில், ஒரு கிட்டாருக்குள் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சில் மோதவில்லை. ஐரோப்பாவில் பெரிய அரங்குகளில் அதை வாசித்தாய், பெயர் வந்தது. அந்தப் பெயர் வந்த பிறகுதான் உனக்கு அலுப்புத் தட்டியது. தொலைபேசியில் சொன்னாய்: "மத்தவுக எழுதுனதச் சுத்தமா வாசிச்சு வாசிச்சு எனக்கு நாக்குச் செத்துப்போச்சுலே."

அதற்குப் பிறகு நீ போகாத ஊர் இல்லை. ஸ்பெயினின் தெற்கே நாடோடிகளோடு உட்கார்ந்து அவர்கள் தாளத்துக்குக் கைதட்டவே முதலில் கற்றுக்கொண்டாய். மொரோக்கோவுக்குப் போனாய், பிரேசிலுக்குப் போனாய். ஒவ்வோர் ஊரிலும் கேட்டதை உன் ஆறு கம்பிக்குள் கொண்டுவந்து, அந்த ஊர்க்காரர்களையே பக்கத்தில் உட்காரவைத்து மேடையில் வாசித்தாய். "எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல அங்கன தாலாட்டக் கேக்கணும். பிள்ளகிட்ட எவளும் பொய்யாப் பாட மாட்டா" என்பாய். கடமலைக்குண்டுச் சந்தைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், ஆட்டு மணிகள் கலந்து ஒலிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். வியாபாரி ஒருவர் உன்னைத் தரகன் என்று நினைத்து விலை சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு நாள் காலையில் நான் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டிலிருந்து பேசினாய். பேசவில்லை, கத்தினாய். "ஏலே நரம்பு! இங்கன ஒரு வாத்தியம் இருக்குலே. பெரிய சுரக்காக் குடுக்கையில செஞ்சது. இருவத்தோரு கம்பி. எல்லாம் என்னன்னு சொல்லு?"

"என்ன?"

"தூண்டி நரம்புலே! இருவத்தொண்ணும் தூண்டி நரம்பு!"

மருந்துக் குழாயை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நாம் வறுமையில் செய்ததாக நினைத்ததை ஒரு நாடே செய்துகொண்டிருந்தது. அன்று நாம் இருவரும் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் நீ செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஒரு டிசம்பரில் வந்தபோது, உன் மேடைக் கச்சேரியைப் பதிவு செய்த தட்டு ஒன்று கொண்டுவந்தாய். என் வீட்டில், என் மனைவி பொன்னுத்தாய் காப்பி ஆற்றிக்கொண்டிருக்க, போட்டுக் கேட்டோம். கூட்டம் கை தட்டுகிறது. நீ ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறாய். பிறகு என் மெட்டு வந்தது. முழுதாக, ஒன்றும் குறையாமல், அந்தக் கடைசி இறக்கத்தோடு. முடிந்ததும் கேட்டேன்: "வாசிக்கிறதுக்கு முன்னால என்னமோ பேசுனயே, என்ன சொன்ன?"

நீ சாதாரணமாகச் சொன்னாய். "எங்க பள்ளத்தாக்குல திராட்ச வெட்டுற பொம்பளைக பாடுற பழைய பாட்டுன்னு சொன்னேன்."

எனக்கு முந்திப் பொன்னுத்தாய் வாயைத் திறந்தாள். "ஆத்தாடி! நாங்க எப்பண்ணே பாடுனோம்? பந்தலுக்குக் கீழ நின்னு அண்ணாந்து வெட்டி வெட்டிக் கழுத்து ஒடியுது. இதுல பாட்டு எங்கன வரும்? எவளாவது போன்ல சினிமாப் பாட்டப் போடுவா, அம்புட்டுத்தான்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "அது என் மெட்டு. நான் போட்டது" என்றேன்.

"யாரு இல்லேன்னா? ஆனா உன் பேரச் சொன்னா அங்கன யாருக்குத் தெரியும்? ஒரு ஊரோட பாட்டுன்னா காத நீட்டிக் கேக்குறாக. மொரோக்கோவுல ஒரு பெரியவர் வாசிச்சாரு. உங்க பேரு என்னன்னு கேட்டேன். என் பேரு எதுக்கு, இது எங்க மலையோட பாட்டுன்னு சொன்னாரு. எவ்வளவு பெரிய மனசு பாரு."

"அவரு அவராச் சொன்னாரு. நான் சொன்னேனா?"

நான் விடவில்லை. கடைகளில் உன் தட்டுகளை உலக இசை என்ற அலமாரியில் வைப்பார்கள் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். மற்ற அலமாரியில் இருப்பதெல்லாம் எந்த உலகத்து இசை என்று கேட்டேன். அங்கே இருக்கிறவனுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. எழுதியவன் பெயர், வாசித்தவன் பெயர், அவன் பிறந்த வருடம். இந்த அலமாரிக்கு வந்தால் மட்டும் மலை பாடுகிறது, பள்ளத்தாக்கு பாடுகிறது, பொம்பளைகள் பாடுகிறார்கள். பெயர் உள்ளவன் நீ ஒருவன்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று, அடுத்த மேடையில் என் பெயரைச் சொல் என்றேன். நீ காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாய். பொன்னுத்தாய் அந்தக் காப்பியை மூடிவைத்தாள், திரும்பி வருவாய் என்று.

நீ மறுநாளே வந்தாய், அது வேறு விஷயம். வருவதை நீயும் நிறுத்தவில்லை, நானும் கதவை அடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு உன்னிடம் மழை பேசினேன், அணை நீர் பேசினேன், திராட்சை இலையைத் தின்கிற செவட்டை நோயைப் பற்றிக்கூடப் பேசினேன். இசை பேசவில்லை. நீ போனில் "ஏலே நரம்பு, ஒண்ணு வாசிக்கிறேன் கேளு" என்றால், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன். அடுத்தடுத்து வந்த உன் பதிவுகளிலும் அது பள்ளத்தாக்குப் பெண்களின் பாட்டாகவே இருந்தது. ஸ்டெல்லாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் விரல் நடுக்கத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தாய். மனைவி மக்கள் என்று யாரையும் தேடிக்கொள்ளாத நீ, ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்தாய். ஞாயிறுதோறும் உங்கள் பூசை முடிகிற நேரத்துக்கு நான் வருவேன். உன்னால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் சாய்ந்திருந்த உன் கிட்டாரைக் கண்ணால் காட்டினாய்.

"ஏலே நரம்பு. அந்த மெட்ட ஒரு தடவ வாசிலே."

"மேடையில என் பேரச் சொல்லு. வாசிக்கிறேன்."

நீ நடுங்குகிற உதட்டோடு சிரித்தாய். "சொல்லிக்கிட்டுத்தானலே இருக்கேன்" என்றாய்.

கிண்டல் செய்கிறாய் என்று நினைத்தேன். படுக்கையில் கிடந்தும் உன் வாய்க்கொழுப்பு அடங்கவில்லையே என்று கோபம் வந்தது. நான் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் போய்விட்டாய். நான் அன்று வாசித்திருக்கலாம் என்று ஸ்டெல்லா இன்றும் சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. உரியதைக் கேட்டவன் உரியதைப் பெறாமல் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

போன வாரம் உன் வருடப் பூசை. அன்று மாலை பள்ளி மைதானத்தில் உன் நினைவுக்கு ஒரு கச்சேரி வைத்தார்கள். ஸ்பெயினிலிருந்து உன் மாணவி லூசியா வந்திருந்தாள். மதியமே ஸ்டெல்லாவிடமிருந்து போன். "அண்ணே, அந்தப் பிள்ள வந்துருச்சு. உங்க மெட்டத்தான் கடைசியா வாசிக்கப் போகுதாம். சண்ட போடணும்னா இப்பவே வந்து போட்டுட்டுப் போயிருங்க. சாயங்காலம் சாமியெல்லாம் வருவாக, மானத்த வாங்கிராதீக."

சண்டை போடத்தான் போனேன். நீ கிடந்த அதே முன்னறையில் அந்தப் பெண் உட்கார்ந்து கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். கிட்டாரின் தலையில் பல்லி போல ஒரு சின்னக் கருவியைக் கவ்வ விட்டிருந்தாள். ஒவ்வொரு கம்பியாக மீட்டுவாள். சுருதி சேர்ந்ததும் அதில் பச்சை விளக்கு எரியும். ஆறும் பச்சையாயிற்று. பிறகு அதைக் கழற்றிக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்து, கீழிருந்து இரண்டாவது கம்பியின் கீயை மட்டும் ஒரு மயிரிழை இளக்கினாள். இளக்கிவிட்டுத் தனக்குள் மெல்லச் சொன்னாள்:

"நரம்பு."

என்னை யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை அல்லவா, உடனே ஆங்கிலத்தில் விசாரணை தொடங்கிவிட்டாள். கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பாட்டுக்கு மட்டும் அந்தக் கம்பிய எறக்கணுமாம்ணே. எறக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லணுமாம். சொல்லாம ஆரம்பிச்சா அண்ணன் கையத் தட்டி விட்டுருவாகளாம். அவுகளும் எல்லா மேடையிலயும் இதச் சொல்லித்தான் ஆரம்பிப்பாகளாம், கிட்டாருக்கு மட்டும் கேக்குற மாதிரி. மந்திரம்னு இந்தப் பிள்ள நெனச்சிருக்கு. இன்னொரு பையன் அது எங்க அம்மா பேருன்னு நெனச்சானாம். எங்கனயோ எழுதுனவுக, தமிழ்ல கம்பிக்கு அப்படிச் சொல்லுவாகன்னு எழுதிட்டாகளாம்."

"அவன்கிட்ட அர்த்தம் கேக்கலையா?"

ஸ்டெல்லா கேட்டாள். அந்தப் பெண் யோசித்துப் பதில் சொன்னாள். ஸ்டெல்லா அதை எனக்குச் சொல்லுமுன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருக்கு. அது தானா இளகாது, நாமதான் இளக்கணும்னு சொன்னாகளாம்."

நல்ல கிட்டாரில் நல்ல கம்பி தானாக இளகாதுதான். நீ கம்பியைச் சொன்னாய் என்றும் கொள்ளலாம். உன் வேலையே அதுதானே. எழுபது வயதுக்குப் பக்கத்தில் வந்தும், இரண்டு பொருள் வைத்துப் பேசிவிட்டு எதைச் சொன்னாய் என்று கேட்டால் ஓடிவிடுவது.

ஸ்டெல்லா கேட்டாள்: "அண்ணே, மேடையில நான்தான் பேசப் போறேன். உங்க பேரச் சொல்லிரட்டுமா? ரேஷன் கார்டுல இருக்குற பேரையே சொல்லிரட்டுமா?"

நான் இத்தனை வருடமாகக் கேட்டது அதைத்தான். சொல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் விரல் இன்னும் அந்த இரண்டாவது கீயின் மேலேயே இருந்தது.

"அவன் சொன்ன பேரையே சொல்லு" என்றேன். "ஆனா மைக்குல சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு."

சொன்னாள். "கடைசியா வர்றது ஊர்ப்பாட்டு இல்ல. எங்க அண்ணன் அப்படிச் சொல்லியே ஒலகத்த நம்ப வச்சுட்டுப் போயிட்டாக. இது நரம்பு போட்ட மெட்டு. நரம்பு இந்தா முன்னால உக்காந்திருக்காக." கூட்டத்தில் சின்னவர்கள் விளங்காமல் சிரித்தார்கள். பழைய பாடகர் குழுவில் மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன், "ஏலே நரம்பு, எந்திரிலே!" என்று கத்தினான். எழுந்து நின்றேன். கும்பிடவில்லை. நின்றேன், அவ்வளவுதான். அந்தப் பெண் அந்த வார்த்தையை, இந்தத் தடவை மைக்கில் கேட்கும்படி சொல்லிவிட்டு வாசித்தாள். கடைசி இறக்கத்தில் சுரம் உட்கார்ந்தபோது நானும் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பழைய தட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். கை தட்டுகிறார்கள், நீ ஆங்கிலத்தில் திராட்சைப் பொம்பளைகளைப் பற்றிப் பேசி முடிக்கிறாய். மெட்டு தொடங்குமுன் ஒரு சின்னச் சத்தம் உண்டு. நீ தொண்டையைச் செருமுகிறாய் என்றே அன்று நினைத்திருந்தேன். காதை ஒட்டவைத்துக் கேட்டேன். பொன்னுத்தாயையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "உங்களத்தான் கூப்புடுறாக" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி. நீ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதே. ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொன்னாய், என் பெயரை முனகினாய். சபைக்குப் பொய்யைச் சொல்லிவிட்டுக் கிட்டாரிடம் உண்மையைச் சொன்னாய். கிட்டாரா என் மெட்டைக் கேட்டுக் கை தட்டியது? இதை உன்னிடம் நேரில் கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கலாம். அந்தச் சண்டையையும் எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாய்.

என்னை நரம்பு என்று கூப்பிட இங்கே இனி ஆள் இல்லை. அன்று கத்திய கிழவனும் மறுநாள் கடைவீதியில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டான். ஆனால் எந்த ஊரிலோ, எனக்குத் தெரியாத மேடையில், என்னைப் பார்த்தே இராத ஒரு பிள்ளை கம்பியை இளக்கிவிட்டு என் பெயரைச் சொல்லப் போகிறது. அது பெயர் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வாங்கி வந்த நரம்பை இன்று காலை என் கிட்டாரில் கட்டினேன். கட்டைவிரலை எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்து, நீ கேட்ட மெட்டை வாசித்தேன். உனக்காக அல்ல, நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். புது நரம்பு, முறுக்கி வைக்க வைக்கத் தொய்கிறது. கடைசி இறக்கம் வருமுன்பே இரண்டாவது சுரம் உட்கார்ந்துவிட்டது.

நரம்பு இளகிருச்சு என்று நீ கூவுவாய். கம்பியைச் சொல்கிறாயா, என்னைச் சொல்கிறாயா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாய். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கம்பியைத்தான். நன்றாகக் கேட்டுக்கொள், கம்பியை மட்டும்தான்.